வருவதை மறையுங்கள், உடைவதை மறைக்காதீர்கள்

மலைச் சைக்கிளுக்கு ஷாக்கும் ஃபோர்க்கும் கியரும் செய்யும் கம்பெனிக்காரர்களுக்கு,

வணக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். வாரக் கடைசியில் கோத்தகிரி, ஆனைகட்டி பக்கம் ஏறி இறங்குகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. நான் கடை வைத்திருப்பவன் இல்லை. ஆனாலும் கூட்டத்தில் யாருடைய சைக்கிள் முனகினாலும் அது என் வீட்டுப் போர்டிகோவில் இருக்கும் ஸ்டாண்டில் வந்துதான் ஏறும். சிகாகோவில் இருக்கும் ஸ்ராம்காரர்களோ, ஜப்பானில் சகாயில் இருக்கும் ஷிமானோகாரர்களோ, ஃபாக்ஸ்காரர்களோ இந்தத் தமிழ் மடலைப் படிக்கப் போவதில்லை, தெரியும். உங்கள் சரக்கை இங்கே இறக்கி விற்கிறவர்கள் படிப்பார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கட்டாயம் படிப்பார்கள்.

உங்களைப் பற்றி எங்களுக்குள் ஓயாமல் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அதில் பாதி, அடுத்து என்ன வரப்போகிறது என்பது. பந்தயத்தில் யாரோ ஒருவர் சைக்கிளில் கறுப்பு டேப் சுற்றிய ஆர்.டி.யை, அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பின் டிரெய்லியரைப், பார்த்துவிட்டால் போதும், இரண்டு நாளைக்கு வேறு பேச்சே கிடையாது. மீதிப் பாதி, எது உடைகிறது என்பது. எந்த வருஷத்து ஷாக்கை (பின்சக்கர அதிர்வுதாங்கி) வாங்கக் கூடாது, எந்த கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) சீக்கிரம் தேய்கிறது, எந்த ஃபோர்க் (முன்சக்கர அதிர்வுதாங்கி) கீச்சிடுகிறது. இரண்டுமே வதந்திதான். இரண்டுக்கும் நீங்கள் தரும் பதிலும் ஒன்றேதான்: வாயைத் திறப்பதில்லை. முதலாவதில் அந்த மௌனம் உங்கள் உரிமை. இரண்டாவதில் அது எங்கள் பணம், சில நேரம் எங்கள் எலும்பு.

முதல் வகையை நாங்கள் ரசிக்கிறோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஹோண்டாவை நினைத்துப் பாருங்கள். 2000-களின் நடுவில் ஆர்.என்.01 என்று ஒரு டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தய) சைக்கிளோடு வந்தார்கள். கியர் எல்லாம் நடுவில் ஒரு மூடிய பெட்டிக்குள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளி ஆளுக்குக் காட்டவே இல்லை. கிரெக் மின்னார் 2005-இல் அதை ஓட்டி உலகக் கோப்பைத் தொடரையே வென்றார். கார் கியர்பாக்ஸ் மாதிரி ஏதோ அதிசயம் என்று உலகமே யோசித்தது. பிறகு வெளியே வந்த சங்கதி: பெட்டிக்குள் இருந்தது நம்ம கேசட்டும் செயினும் டிரெய்லியரும்தான், சேறு படாமல் அடைத்து வைத்திருந்தார்கள். 2007-ஓடு ஹோண்டா பந்தயத்தை விட்டுப் போனது. அந்தச் சைக்கிள் கடைக்கு வரவே இல்லை. யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை, பேசித் தீர்த்தோம்.

ஸ்ராமின் ஹேங்கர் கதையும் அப்படித்தான். ஆர்.டி.யைப் பிரேமோடு பிடித்து வைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு ஒரு காலத்தில் மாடலுக்கு ஒரு வடிவம். மலையில் ஒன்று வளைந்தால் அதே துண்டு கிடைக்க மாதக் கணக்கில் காத்திருப்போம். 2019-இல் எல்லாப் பிரேமுக்கும் பொதுவாக ஒரே ஹேங்கர் என்று கொண்டுவந்தார்கள். அடி பட்டால் பின்னால் சுழன்று கொடுக்கும், எங்கேயும் கிடைக்கும். எனக்குத் தெரிந்து இருபது வருஷத்தில் சைக்கிள் தொழிலில் நடந்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று. சும்மா இருப்பார்களா நம்ம ஆட்கள்? காப்புரிமைப் படங்களைத் தோண்டி எடுத்தார்கள், ஹேங்கரே இல்லாமல் ஆர்.டி.யை நேராக மாட்டப் போகிறார்கள் என்று சொன்னார்கள். 2023 மார்ச்சில் ‘டிரான்ஸ்மிஷன்’ என்ற பெயரில் ஸ்ராமின் புதுக் கியர் செட் வந்தது, அப்படியே இருந்தது. ஷிமானோவின் வயர்லெஸ் எக்ஸ்.டி.ஆர் கியர் செட்டும் பல வருஷ ஆரூடத்துக்குப் பிறகு 2025-இல் வந்து சேர்ந்தது. இதையெல்லாம் கடைசி நாள் வரை மூடி வையுங்கள். எங்களுக்கும் பொழுது போக வேண்டாமா.

இரண்டாவது வகைக்கு வருகிறேன்.

ஷிமானோவின் 11 ஸ்பீடு அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை. இது ரோடு சைக்கிள் பாகம், மலைக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் நான் சொல்ல வரும் நோய் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் பதிவாகவில்லை. இரண்டு அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி, நடுவில் குடைவாகச் செய்த கிராங்க் அது. ஒட்டு விட்டுப்போய் ஓடுபோல் பிளந்த கிராங்குகளின் படங்களை ஓட்டுகிறவர்கள் வருஷக் கணக்கில் இணையத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்ஸ்டாகிராமில் அதற்கென்றே ஒரு பக்கம் ஓடியது. சரியாக மாட்டியிருக்க மாட்டாய், உப்புத் தண்ணீர் பட்டிருக்கும் என்று பிளந்தவனுக்கே புத்தி சொன்னவர்களும் உண்டு. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் அறிவிப்பு வந்தது: 2019 ஜூலைக்கு முன் செய்தவை, அந்த நாட்டில் மட்டும் ஏறத்தாழ 6,80,000 கிராங்குகள், 4,500-க்கு மேல் பிரிந்த சம்பவங்கள், ஆறு பேருக்குக் காயம். அப்போதும் எல்லாருக்கும் மாற்றித் தரவில்லை. கடைக்காரர் பார்த்து, பிரிகிற அறிகுறி இருந்தால் மட்டுமே புதியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதை இது. இத்தனை ஆயிரம் சம்பவம் சேரும் வரை அதற்குப் பெயர் வதந்தி. சேர்ந்த மறுநாள் அதற்குப் பெயர் ‘வாடிக்கையாளர் பாதுகாப்பு’.

இனி என் வீட்டுக் கதை. உங்களில் யார் என்று சொல்லப்போவதில்லை.

கூட்டத்தில் ஒரு தம்பி, சேர்த்து வைத்த பணத்தில் புதுச் சைக்கிள் எடுத்தான். விலையுயர்ந்த ஏர் ஷாக், ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே காற்று. சில மாதத்தில் அமுக்கும்போதெல்லாம் ஈரச் செருப்போடு நடக்கிற மாதிரி ‘சளக் சளக்’ என்று சத்தம். இறக்கத்தில் பின்சக்கரம் கல்லில் பட்டால் துள்ளுகிறது, ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகம்) எவ்வளவு இறுக்கினாலும் துள்ளல் நிற்கவில்லை. நான் காற்றை முழுக்க இறக்கி, ஷாக்கைக் கழற்றிக் கையால் அழுத்திப் பார்த்தேன். முதல் அரை அங்குலம் ஒரு தடையும் இல்லாமல் பொசுக்கென்று உள்ளே போகிறது, அதற்குப் பிறகுதான் எண்ணெய் பிடிக்கிறது. துள்ளலை அடக்கும் எண்ணெய் அறையான டாம்பருக்குள் எண்ணெயோடு காற்று கலந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விற்றவரிடம் கொண்டு போனோம். ‘இந்த மாடல்ல இந்தச் சத்தம் நார்மல்தான் சார்’ என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

விடாமல் தொங்கியதில் வாரன்ட்டிக்கு அனுப்பினார்கள். ஒரு சீசனே போனது. திரும்பி வந்தபோது சத்தம் போயிருந்தது. கூட வந்த காகிதத்தில் ‘சர்வீஸ் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. பிறகு ஒருநாள் சீல் மாற்ற ஷாக்கின் காற்றறையான ஏர் கேனைத் திறந்தபோது கவனித்தேன்: ஷாஃப்ட் நுழைகிற இடத்தில் இருக்கும் சீல் ஹெட் பழையது இல்லை. அனுப்புவதற்கு முன் எடுத்த போட்டோவில் இருந்ததைவிட உயரம் கூடுதல், பாகத்தின் எண்ணும் வேறு. உங்களுக்கு நோய் தெரிந்திருக்கிறது. மருந்தும் செய்துவிட்டீர்கள். அதே தொகுதியில் வந்த ஷாக்கை வைத்திருக்கும் மற்றவர்களிடம் மட்டும் இன்னும் ‘நார்மல்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கள் ஊரில் இதன் விளைவு என்ன தெரியுமா? அந்த மாடல் மொத்தத்துக்கும் கெட்ட பெயர். திருத்தி வந்த புதுத் தொகுதியையும் யாரும் தொடுவதில்லை. பழையது, புதியது என்று பிரித்துப் பார்க்க எங்களிடம் வழி இல்லையே. நீங்கள் சொல்லாததால் உங்கள் நல்ல சரக்கும் சேர்ந்து நாறுகிறது.

இன்னொரு கூத்து, பிரேம் கம்பெனிக்காரரும் ஷாக் கம்பெனிக்காரரும் பந்தை மாற்றி மாற்றி உதைப்பது. ஷாக்கின் ஒரு முனையை நீளமான கவட்டை போன்ற இணைப்பால் பிடிக்கும் பிரேம்கள் உண்டு. அதில் பக்கவாட்டு விசை ஷாஃப்ட்டில் ஏறும், ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ் ஒருபக்கமாகத் தேயும், சில நேரம் ஷாஃப்ட்டே வளையும். இது எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லும் விஷயம். ஆனால் உடைந்த ஷாக்கோடு போனால் ஷாக்காரர் பிரேமைக் கைகாட்டுவார், பிரேம்காரர் ஷாக்கைக் கைகாட்டுவார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சோதித்துத்தான் அந்தப் பிரேமுக்கு அந்த ஷாக்கைப் பொருத்தினீர்கள். வாங்கினவன் நடுவில் நின்று என்ன செய்வான்?

சர்வீஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ராமின் ஷாக் பிராண்டான ராக்‌ஷாக்ஸ் பின் ஷாக்குக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏர் கேன், 200 மணி நேரத்துக்கு ஒருமுறை டாம்பர் என்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை என்கிறது. ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ராக்‌ஷாக்ஸ் ஒருபடி மேலே போய் எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எத்தனை மில்லி எண்ணெய் என்பது வரை முழுக் கையேட்டையும் இலவசமாகப் போட்டிருக்கிறது. என் போர்டிகோ நடப்பதே அதனால்தான். ஆனால் கணக்குப் போடுங்கள்: வாரம் ஆறு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு 50 மணி நேரம் இரண்டு மாதத்தில் வந்துவிடும். விற்கும்போது இதை யாராவது வாய்விட்டுச் சொல்கிறார்களா? சொன்னால் பாதிப் பேர் ஸ்பிரிங் வைத்த காயில் ஷாக் போதும் என்று போயிருப்பார்கள். டாம்பருக்கு நைட்ரஜன் அடைக்க வேண்டிய மாடலானால் வீட்டில் கை வைக்கவே முடியாது. பெட்டி கட்டி வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும்.

கியர் விஷயத்தில் என் கோபம் கொஞ்சம் குறைவு. 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் மலையிறக்கப் பந்தய வீரர் ஆரன் குவின் கிளம்பின கையோடு செயின் அறுந்து, செயின் இல்லாமலே மொத்த இறக்கத்தையும் ஓட்டி உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்றார். நாங்கள் குவின் இல்லை, எங்களுக்குத் திரும்பி ஏறவும் வேண்டும். 12 ஸ்பீடு செயின் அரை சதவீதம் நீண்டதும் மாற்றாவிட்டால் கேசட் போய்விடும். உயர்ரக கேசட்டில் ஏற்றத்துக்கு உதவும் பெரிய பல்சக்கரம் எடை குறைக்க அலுமினியம். செங்குத்தான நீலகிரிப் பாதையில் நாள் முழுக்க அதிலேயே கிடப்போம், அதுதான் முதலில் தேயும். பெரும்பாலும் அதை மட்டும் தனியாக வாங்கி மாற்ற வழி இருக்காது. முழு கேசட் விலையில் இங்கே ஒரு நல்ல கியர் சைக்கிளே வாங்கிவிடலாம்.

இதற்கு மாற்று உங்களிடமே இருக்கிறது. ஷிமானோ 2021-இல் லிங்க்கிளைடு என்று ஒரு கேசட் வகை கொண்டுவந்தது. பற்கள் தடிமன், எடை கூடுதல், பழையதைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. 2023-இல் வந்த கியூஸ் கியர் வரிசையில் 9, 10, 11 ஸ்பீடு பாகங்களை ஒன்றோடொன்று கலந்து மாட்டவும் வழி செய்தார்கள். கோத்தகிரிக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை. ஆனால் அதைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒருத்தன்கூட வாய் பிளந்து பேசிக் கேட்டதில்லை. உங்கள் விளம்பரமும் பேசவில்லை. வயர்லெஸ்ஸுக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்திருந்தால், எத்தனையோ பேர் இந்நேரம் இரண்டாவது கேசட் வாங்காமல் தப்பித்திருப்பார்கள். ஓ, அதுதான் பிரச்சினையோ என்னவோ.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஃபாக்ஸ் ஒவ்வொரு ஷாக்கிலும் நான்கு எழுத்துக் குறியீடு ஒட்டுகிறது. அதைத் தளத்தில் அடித்தால் எந்த மாடல், எந்த டியூன் (உள் அமைப்பு) என்று வந்துவிடும். ராக்‌ஷாக்ஸிலும் சீரியல் எண்ணைப் போட்டால் விவரம் வரும். அந்தப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வரி சேருங்கள். இந்தத் தொகுதிக்குப் பிறகு உள்ளே எந்தப் பாகத்தை, எதனால் மாற்றினோம் என்பது ஒன்று. இதற்கு சீலும் புஷ்ஷும் எந்த வருஷம் வரை கிடைக்கும் என்பது இன்னொன்று. 2016-இல் ஷாக் அளவை அங்குலத்திலிருந்து மெட்ரிக்குக்கு மாற்றினீர்கள். நல்ல பிரேம் கையில் இருக்க, பழைய அளவு ஷாக்குக்காக இன்றும் செகண்ட் ஹாண்டில் தேடுகிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. முன்கூட்டியே வருஷம் தெரிந்தால் ஒரு சீல் கிட்டாவது கூட வாங்கி வைத்துக்கொள்வோம்.

கடைக்காரர்களுக்கு மட்டும் அனுப்புகிற சர்வீஸ் சுற்றறிக்கைகளை எங்களுக்கும் திறந்து விடுங்கள். எங்கள் ஊரில் அந்தக் கடைக்காரரிடம் அது வந்து சேர்வதே பெரும்பாடு.

தம்பியின் ஷாக்கைப் பற்றி யாராவது உண்மையிலேயே விசாரிக்க விரும்பினால் சீரியல் எண், வாரன்ட்டிக் காகிதம், இரண்டு சீல் ஹெட்டின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே உங்கள் சரக்கை இறக்குகிறவருக்கு என் நம்பர் தெரியும்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு சைக்கிள்காரன்