"நேராக உட்காரச் சொல்லித்தர மூன்று ஆண்டா?" என்று கேட்ட தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கல்விக் கடனுதவி நிதியின் மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

என் விண்ணப்பத்தை நிராகரித்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. "பொழுதுபோக்குப் பயிற்சிகளுக்கு இந்த நிதியிலிருந்து கடன் வழங்கப்படுவதில்லை" என்ற ஒரு வரிதான் அதில் காரணம். மேல்முறையீடு செய்தேன், பதில் இல்லை. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோப்பு உங்களிடம் இருக்கிறது, நேர்காணலில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: உட்காருதல், குனிதல், பேசுதல் போன்ற அன்றாட அசைவுகளில் உடலுக்குப் பழகிப்போன வீண் இறுக்கத்தை விடக் கற்றுத்தரும் அலெக்சாண்டர் உத்தி ஆசிரியர் பயிற்சியைத் தொழிற்பயிற்சியாக ஏற்று, என் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

நேர்காணலில் உங்களில் ஒருவர் கோப்பைத் திறக்காமலே, "நேராக உட்காரச் சொல்லித்தர மூன்று ஆண்டா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தீர்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பெயரை அழைத்துவிட்டீர்கள். அன்று சொல்ல விடாத பதிலை இங்கே சொல்கிறேன்.

இந்தக் கல்வியில் யாரும் யாரையும் நேராக உட்காரச் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். நெஞ்சை முன்னே தள்ளி, இடுப்பை ஒடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விறைப்பாக இருப்போம். ஆசிரியர் முகம் திரும்பியதும் பழையபடி கூனிவிடுவோம். இந்த உத்தியை உருவாக்கிய, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1869இல் பிறந்த அலெக்சாண்டர், மேடையில் செய்யுளும் நாடகப் பகுதிகளும் பேசிக்காட்டும் கலைஞர். மேடையில் குரல் கம்மியது. மருத்துவத்தால் நிலையான தீர்வு கிடைக்கவில்லை. கண்ணாடி முன் நின்று தன்னையே கவனித்தார். பேசத் தொடங்கும்போதே தலை பின்னுக்கு இழுபடுவதையும், குரல்வளை அழுந்துவதையும், வாயால் மூச்சை உறிஞ்சுவதையும் கண்டார். திருத்தினார். திருத்திவிட்டதாகவே உணர்ந்தார். கண்ணாடியோ அவர் பழைய தவற்றைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று காட்டியது. நெடுநாள் பழகிய தவறு உடலுக்குச் சரியாகவே தோன்றும். அதனால்தான் வாய்ச்சொல் மட்டும் போதாமல் பயிற்சி பெற்ற ஒருவரின் கை தேவைப்படுகிறது.

1931இல் லண்டனில் அவர் தொடங்கிய முதல் ஆசிரியர் பயிற்சியே மூன்று ஆண்டு. இன்றும் பிரிட்டனில் ஏற்கப்பட்ட அளவு மூன்று ஆண்டு, 1,600 மணி நேரம். மாணவர் ஐவருக்கு ஓர் ஆசிரியர். அந்த நேரத்தில் பெரும்பகுதி நாற்காலியிலிருந்து எழுவதிலும் உட்காருவதிலும், குனிவதிலும் நடப்பதிலும், பேசுவதிலும் கழிகிறது. மாணவர் முதலில் தன் பழக்கத்தை நிறுத்தக் கற்க வேண்டும். இறுகிய கையால் இன்னொருவரின் இறுக்கத்தை உணர முடியாது. எனக்கு இடம் கொடுத்த பள்ளியின் கடிதத்தில் இவையெல்லாம் எழுதியிருக்கின்றன. அதையும் கோப்பில் இணைத்திருந்தேன்.

இதற்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் என் ஊர் சுங்கை சிப்புட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டீர்கள். என் அண்டை வீட்டு அத்தை, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். அதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், மருந்து தெளிக்கும் பம்பை முதுகில் சுமந்தார். தண்ணீர் நிரப்பினால் பதினாறு கிலோவுக்கு மேல் கனக்கும் பம்பு அது. கோலாலம்பூரில் ஓர் ஆசிரியரிடம் நான் பாடம் கற்கத் தொடங்கிய காலத்தில், ஒரு நாள் மாலை அத்தையின் சம்மதத்தோடு அவர் பிடரியில் கை வைத்திருந்தேன். வாசலில் கிடந்த அரிசிச் சாக்கை உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்றார். அவர் கை இன்னும் சாக்கைத் தொடவில்லை, குனியக்கூட இல்லை. தூக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் பிடரித் தசை கட்டையாக இறுகியது, தலை பின்னுக்குச் சரிந்தது, மூச்சு நின்றது. அரிசிச் சாக்கின் எடை அவர் மேல் ஏறுவதற்கு முன்பே அவர் உடல் ஒரு சுமையைத் தூக்கத் தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படி!

அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் ஒருவர் கழுத்தில் கை வைக்கக் கூடாது என்பது தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன். கற்றுக்கொள்ளத்தான் உங்களிடம் வந்தேன்.

இந்தக் கல்வி மருத்துவம் அன்று. தேய்ந்த முதுகெலும்புத் தட்டை இது ஒட்டிவைக்காது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. இந்த உத்தியில் இருபத்து நான்கு பாடம் கற்றவர்களுக்கு 3 நாள். அவர்கள் செம்பனைக் குலை அறுத்தவர்கள் அல்லர், ஆகவே அதே பலன் இங்கேயும் கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கு முன் அந்த ஆய்வை ஒருமுறை புரட்டியிருக்கலாம். அதன் நகலும் கோப்பில் இருந்தது.

என்னை அதிகம் புண்படுத்தியது உங்கள் சிரிப்பு அல்ல, ஜாமீன் விவகாரம்.

உங்கள் விண்ணப்பப் படிவம் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கேட்கிறது. இருவருக்கும் நிலையான வருமானம் வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும், சேமநிதிக் கணக்கறிக்கை வேண்டும். எங்கள் வீடமைப்புப் பகுதியில் பாதிப் பேர் குத்தகைக்காரரிடம் டன்னுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலை செய்து கையில் காசு வாங்குகிறவர்கள். என் அப்பாவும் அப்படித்தான். சம்பளச் சீட்டு என்ற ஒன்றை அவர் பார்த்தே பல காலம் ஆகிறது. எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் சித்தப்பா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வந்தார். இன்னொருவர் எனக்குத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த, ஓய்வு பெற்ற ஆசிரியர். ஓய்வூதியக் கடிதத்தை அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் கடனைக் கட்டாவிட்டால் ஓய்வூதியத்தில் கைவைப்பார்களோ என்ற பயம் அவர் மனைவியின் முகத்தில் அப்படியே தெரிந்தது. சமையற்கட்டு வாசலில் நின்றவர் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் கையெழுத்திட்டார்.

அந்தத் தாள்களை உங்கள் முகப்பிடத்தில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அடையாள அட்டை நகல் மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். பயிற்சியின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. இது தொழிற்பயிற்சி ஆகாது என்பது உங்கள் முடிவானால், அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! அந்தப் பெரியவரின் வீட்டு வாசலை நான் மிதித்தே இருக்க மாட்டேன். இனி எந்தப் பிள்ளையாவது ஜாமீன் கேட்டுப் போனால் அவர் எப்படிக் கையெழுத்திடுவார்? அவர் நல்லெண்ணத்தை நீங்கள் வீணடித்துவிட்டீர்கள்.

"மூன்று மாத யோகா பயிற்றுநர் வகுப்புக்கு வேண்டுமானால் விண்ணப்பியுங்கள்" என்றும் சொன்னீர்கள். யோகாவை மதிக்கிறேன், நான் கேட்டது அது அன்று. தோட்டத்துப் பெண் என்றால் தையல், அலங்காரம், கேக் செய்தல், மூன்று மாத வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு படம். இதற்கு மேல் எங்களுக்கு எதுவும் எட்டாது என்று யார் முடிவு செய்தது? முதலில் ரப்பர், பிறகு செம்பனை என்று தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டுக்குச் செல்வம் சேர்த்தது இந்த முதுகுகள்தாம். தோட்டங்களைத் துண்டாடியபோது வீட்டைப் பற்றியும் நட்டஈட்டைப் பற்றியும் பேசினோம். தேய்ந்த மூட்டையும் மரத்துப்போன காலையும் பற்றி எந்த மேடையிலும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. வலி நிவாரணத் தைலமும் மாத்திரையும்தான் எங்கள் வீடுகளில் முதுகுக்கு வழி. சுமையைக் குறைப்பது முதலாளிகளின் கடமை. தொழிலாளிக்குக் குனியத் தெரியவில்லை என்று பழி போட இந்தக் கல்வியை யாரும் பயன்படுத்தினால் அதையும் நான் எதிர்ப்பேன். ஆனால் இங்கிலாந்தின் இசைக் கல்லூரிகளிலும் நாடகப் பள்ளிகளிலும் கலைஞரின் உடலுக்குக் கிடைக்கும் கவனிப்பு, குலை அறுப்பவரின் உடலுக்கும் கிடைக்க வேண்டாமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

நான் நன்கொடை கேட்கவில்லை, கடன்தான் கேட்டேன். பயிற்சி முடித்துத் திரும்பியதும் சுங்கை சிப்புட்டிலேயே ஐந்து ஆண்டுகள் கற்பிக்கிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயாராக இருக்கிறேன். ஆலயமண்டபம், தமிழ்ப்பள்ளி, மூத்தோர் மன்றம், எங்கே இடம் கிடைத்தாலும் சரி. இரண்டாம் நேர்காணல் ஒன்று கொடுங்கள். உடற்பயிற்சி மருத்துவமோ புனர்வாழ்வோ அறிந்த ஒருவரை அதில் உட்கார வையுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதன் பிறகும் மறுத்தால், காரணத்தை முழுமையாக எழுத்தில் தாருங்கள். ஜாமீன் கையெழுத்திட்ட இருவருக்கும் அவர்கள் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிட்டார்கள் என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். இது எந்த முடிவானாலும் உடனே செய்ய வேண்டியது.

பள்ளி எனக்காக இடத்தை வரும் செப்டம்பர் சேர்க்கை வரைதான் வைத்திருக்கும். அதற்குள் இந்தப் பயிற்சியைத் தொழிற்பயிற்சியாக ஏற்று, என் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து விண்ணப்பித்தவள்