பேக்கிங் மாற்றிய பிறகும் ஒழுகினால்

சிங்காநல்லூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். போனிலேயே சொல்லியிருப்பேன். நான் போனை எடுத்தால் அது பேச்சாக இருக்காது, சண்டையாகத்தான் முடியும் என்று உன் அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். அதனால்தான் கடிதம்.

நீ மாப்பிள்ளைக்கு அனுப்பிய உன் கார் இன்ஜின் படம் என்னிடம் வந்து சேர்ந்தது. நாற்பது வருஷம் நகக்கண்ணில் கிரீஸ் போகாமல் இருந்தவன் ஒருவன் வீட்டில் உட்கார்ந்திருக்க, ஆயில் ஒழுகலுக்கு ஜவுளிக்கடைக்காரரிடம் யோசனை கேட்டிருக்கிறாய். அவருக்கு வண்டியில் தெரிந்தது ஹாரன் ஒன்றுதான். போகட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே செவ்வாய்க்கிழமை, பகல் 11.10 என்று இருந்தது. வெயிலும் அப்படித்தான் விழுந்திருந்தது. அது கிடக்கட்டும்.

இன்ஜின் தலையை, அதாவது ஹெட்டை, மூடுகிற டாப்பட் கவரின் விளிம்பு முழுக்கக் கறுப்பாகப் பிதுங்கி நிற்கிறதே, அது அனபாண்ட் பசைதானே? தோசைக்கல்லைச் சுற்றி எண்ணெய் விடுவதுபோல் விட்டிருக்கிறாய். ரப்பர் பேக்கிங்குக்குச் சுற்றிலும் அது எதற்கு? ஹெட்டில் இரண்டு பாகங்கள் சேரும் மூலை இருந்தால் அங்கே ஒரு பொட்டு, அவ்வளவுதான். பசையின் மேல் ரப்பர் வழுக்கும். முடுக்க முடுக்க இடம் விட்டு நகரும். வெளியே பிதுங்கியது உனக்குத் தெரிகிறது. உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது காய்ந்து, துண்டாக உதிர்ந்து, அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்புக்குள் இறங்கி ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால், ஒழுகலோடு போகாது, இன்ஜினே போய்விடும்.

அதனால் கழற்று. இன்ஜின் ஆறிய பிறகு கழற்று. பழைய பசையை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதே. ஹெட் அலுமினியம், ஒரு கீறல் விழுந்தால் ஆயிலுக்கு அதுவே வாய்க்கால். பழைய ஏடிஎம் கார்டு போதும். பனியன் வேஸ்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார். கண்ணுக்குத் தப்பியது நகத்தில் தட்டும். நீ பூட்டிய பேக்கிங்கைத் திரும்பப் போடாதே, புதிது அனுப்புகிறேன்.

படத்தின் ஓரத்தில் ஜாக்கி தெரிகிறது. டாப்பட் கவருக்கு எதற்கு ஜாக்கி? கீழே படுத்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தாயா? பக்கத்தில் இரண்டு ஹாலோ பிளாக் கல் வேறு இருக்கிறது. அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. கீழே சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருக்கும் என்று எவன் சொன்னான் உனக்கு? ஆயில் மேலே கசிந்து, வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு எங்கேயோ போய்ச் சொட்டும். முதலில் இன்ஜினைச் சுத்தமாகத் துடை. விளிம்பில் குட்டியின் பவுடரைத் தூவு. அடியில் பழைய பேப்பரை விரித்துவிட்டுப் பத்து நிமிஷம் ஓடவிடு. பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் வியாதி. நின்றபடியே பார்க்கலாம், படுக்க வேண்டியதே இல்லை.

கவருக்கு வருகிற, இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் ஹோஸையும் கழற்றி ஊதிப் பார். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எத்தனை பேக்கிங் மாற்றினாலும் ஆயிலை வெளியே தள்ளும். புகை வெளியேறுகிற சூடான மேனிஃபோல்டின் மேல் ஆயில் வழிந்தால் முதலில் தீய்ந்த வாசம் வரும், பிறகு புகை. அப்படி ஏதாவது வந்தால் மருமகளையும் குட்டியையும் வண்டியில் ஏற்றாதே. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைத் தினமும் காலையில் சமதரையில் பார்.

ஓசூரில் மெக்கானிக்குக்கா பஞ்சம்? இந்த வேலைக்கு என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறான்? குட்டிக்கு ஸ்கூல் வேனை நிறுத்தியாயிற்று, நீயே கொண்டுபோய் விடுகிறாய் என்று மருமகள் பேச்சுவாக்கில் சொன்னாள். நல்லதுதான். பழனிக்கு இந்த வருஷம் வரவில்லை என்றாய், அதுவும் சரிதான், கூட்டம் அதிகம். நான் எதையும் கேட்கவில்லை. உன் அம்மாதான் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

ஒன்று மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிளக் ஒயர்களில் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதியிருக்கிறாய். கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் குத்தி, வந்த வரிசையிலேயே வைத்திருக்கிறாய். என்னிடம் வேலை பழகியவர்களில் பாதிப்பேருக்கு இந்தப் புத்தி வரவில்லை. மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்தது முடுக்குவது. நடுவில் தொடங்கி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் போ. முதல் சுற்றில் கையால். இரண்டாவது சுற்றில் பாதி. மூன்றாவது சுற்றில் கவர் உட்கார்ந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்ததும் நிறுத்து. பத்தாம் நம்பர் ஸ்பானர் போடுகிற சின்ன போல்ட் அது, 10 நியூட்டன் மீட்டரே தாராளம். ஒழுகுகிறதே என்று இன்னொரு கால் சுற்று முடுக்கத் தோன்றும். முடுக்காதே. கவர் வளையும், இல்லாவிட்டால்

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

2002 மே மாதம், நீ எஸ்எஸ்எல்சி எழுதிவிட்டுப் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தாய். வாத்தியாருடைய வெள்ளை மாருதி 800. மூன்று சிலிண்டர்தான், பையன் பழகட்டும் என்று டாப்பட் கவர் பேக்கிங்கை உன்னிடமே விட்டேன். நீ மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டாய். நான் அரை மணியில் செய்வேன் என்று நாலு பேர் எதிரில் சொன்னேன். நீ தலையை நிமிர்த்தவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தாய்.

நீ வீட்டுக்குப் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. பதினாறு வயசுப் பையன் முடுக்கியது போதுமா என்று பார்க்கப் போனேன். கரண்ட் இல்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதே வந்திருக்கலாம். பின்பக்க மூலையில் ஒன்றை மட்டும் இன்னும் கால் சுற்று இழுத்தேன். இன்னும் கொஞ்சம். திடீரென்று கைக்கு எதிர்ப்பே இல்லை, வெண்ணெயில் திருகுவதுபோல் இளகிவிட்டது. ஹெட்டில் மரை போய்விட்டது. மெக்கானிக்குக்கு அது கையிலேயே தெரிந்துவிடும் கண்ணு, பார்க்க வேண்டியதில்லை. போல்ட்டை அப்படியே உட்கார வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் வாத்தியார் பாதி வழியில் புகையோடு திரும்பி வந்து சத்தம் போட்டார். நான் எல்லார் எதிரிலும் உன் கன்னத்தில் அறைந்தேன். இனிமேல் ஸ்பானரைத் தொடாதே, போய்ப் படி என்றேன். நீ ஒன்றுமே சொல்லவில்லை. அலமாரியில் ஸ்பானரை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாய். அடுத்த நாள் லேத்தில் புஷ் கடைந்து அந்த மரையைச் சரி செய்தேன். பையன் கெடுத்துவிட்டான் என்று வாத்தியாரிடம் கூலிகூட வாங்கவில்லை. என்ன நேர்மையான மனுஷன் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார்.

இத்தனை வருஷமாக, என் மகன் கையில் கிரீஸ் படாமல் படிக்கவைத்தேன் என்று நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவுக்கு இது தெரியாது. நீ முடுக்கியது சரியாகத்தான் இருந்தது.

நீ ஏன் மாப்பிள்ளையிடம் கேட்டாய் என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

பஸ் பார்சலில் பேக்கிங், பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பானர், முடுக்குகிற அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், பட்டறையில் இருந்த இரண்டு ஸ்டாண்டுகள் எல்லாம் வருகின்றன. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். ஸ்டாண்டு கனமாக இருக்கும், தனியாகத் தூக்காதே. வண்டிக்கு அடியில் போயே ஆகவேண்டும் என்றால் அவற்றின் மேல் நிறுத்திவிட்டுப் போ, ஜாக்கியை நம்பாதே. முறுக்குடன் உன் அம்மா ஒரு கவரும் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீயும் அப்படியே இருந்துவிடு.

டாப்பட் கவரைப் பூட்டும்போது சந்தேகம் வந்தால் கூப்பிடு. போன் இனி என்னிடம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக்கூட எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பா