நீசேயாவில் நடக்காத வாக்கெடுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆதித் திருச்சபை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு பத்தி உறுத்தியது. கி.பி. 325இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன், இன்றைய துருக்கியிலுள்ள நீசேயாவில் ஆயர்களைக் கூட்டி, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் எண்பதுக்கும் மேற்பட்ட நற்செய்திகளிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை எரிக்கச் சொன்னாராம். விற்பனையில் சக்கைப்போடு போட்ட ஓர் ஆங்கில நாவலில் இது இருக்கலாம்; வாட்ஸ்அப்பிலும் சுற்றலாம். வரலாற்றுக் கட்டுரையில் வரலாமா?

ஆயர்களின் அந்தக் கூட்டமான நீசேயா பொதுச்சங்கம் கூடியதன் முதன்மைக் காரணம் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ். மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளோடு ஒரே பொருளானவரா, படைக்கப்பட்டவரா என்பதுதான் சண்டை. பாஸ்கா (ஈஸ்டர்) விழாவின் தேதியும் பேசப்பட்டது. சங்கம் இயற்றிய 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன. குருக்கள் வட்டிக்கு விடக்கூடாது என்று ஒரு விதி. ஞாயிற்றுக்கிழமைகளில் முழந்தாளிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்று இன்னொன்று. இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் போட்டவர்கள், எந்த நூல் வேதம் என்பது பற்றி அந்த விதிகளில் ஒரு வரிகூட எழுதவில்லை. சங்கத்தில் உட்கார்ந்திருந்த செசரியா ஆயர் யூசேபியஸ் தம் சபைக்கு எழுதிய கடிதத்திலும் அந்தப் பேச்சே இல்லை. கான்ஸ்டன்டைன் எரிக்கச் சொன்னது ஆரியுஸின் எழுத்துகளைத்தான்.

நான்கு நற்செய்திகள் என்ற எண்ணிக்கை நீசேயாவுக்கு வெகு காலம் முந்தியது. 180 வாக்கில் லியோன் ஆயர் இரேனியுஸ், நற்செய்திகள் நான்குக்குக் கூடவும் முடியாது, குறையவும் முடியாது என்று வாதாடினார். உலகுக்குத் திசைகள் நான்கு, காற்றுகள் நான்கு என்பது அவர் காட்டிய காரணம். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நான்கு என்பது வழக்கில் ஊன்றியிருந்தது என்பதற்கு அந்த வாதமே சாட்சி. டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் 3ஆம் நூற்றாண்டினது என்று கணிக்கப்படும் பப்பிரசுச் சுவடி ஒன்று இருக்கிறது. சிதைந்த நிலையிலும், நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் ஒரே கட்டாக இருந்ததை அது காட்டுகிறது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு பிடி உண்டு என்பதை மறைக்கக் கூடாது. யூதித்து நூலை நீசேயா சங்கம் மறைநூல்களில் சேர்த்ததாகப் படிக்கிறோம் என்று விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த எரோனிமுஸ் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அது பழைய ஏற்பாட்டுப் பக்கத்து நூல். நற்செய்திகளைத் தேர்ந்த கதைக்கு அது உதவாது. அந்தக் கதையின் வேர் 9ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத் தொகுப்பு ஒன்றில் இருக்கிறது. நூல்களைப் பலிபீடத்தருகே வைத்து வேண்டினார்களாம். மெய்நூல்கள் மேலே இருக்க, பொய்நூல்கள் கீழே போயினவாம். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேர் இதைக் கேலி செய்ய எடுத்துக்கொண்டார். கேலி பரவியது, பிறகு அதுவே வரலாறாகிவிட்டது.

கட்டுரையாளர் தவறவிட்டது இதைவிடச் சுவையானது. புதிய ஏற்பாட்டு நூல்களின் பட்டியல் நீசேயாவில் முடியவே இல்லை. சீனாய் மலைச் சுவடி என்னும் பழைய கிரேக்க விவிலியம் அந்தச் சங்கத்துக்குப் பின், 4ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது என்று கருதப்படுகிறது. அதில் புதிய ஏற்பாட்டை அடுத்து பர்னபாவின் திருமுகமும் எர்மாசின் 'மேய்ப்பர்' நூலும் இருக்கின்றன. நாம் இன்று வைத்திருக்கும் அதே 27 நூல்களைப் பெயர் சொல்லி வரையறுத்த பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் அனுப்பிய பாஸ்கா கடிதம். அதற்குப் பிறகும் எல்லாரும் ஒப்பவில்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் போற்றும் பெஷித்தா என்னும் சிரியாக் மொழிபெயர்ப்பில், புதிய ஏற்பாட்டில் தொடக்கத்தில் 22 நூல்களே இருந்தன. பேதுருவின் இரண்டாம் திருமுகமும், யோவானின் இரண்டாம், மூன்றாம் திருமுகங்களும், யூதாவும், திருவெளிப்பாடும் இல்லை.

ஆகவே, அரண்மனைச் சதியை விட்டுவிட்டு, கட்டுரையாளர் அடுத்த பகுதியில் திருவெளிப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். யூசேபியஸ் அதை ஏற்கப்பட்ட நூல்களிலும் வைக்கிறார், தள்ளப்பட்டவற்றிலும் வைக்கிறார். அவரவர் விருப்பம் என்கிறார். அப்படித் தடுமாறவைத்த நூல் உள்ளே வந்துவிட, பலரும் விரும்பிப் படித்த 'மேய்ப்பர்' ஏன் வெளியே நின்றது என்று கட்டுரையாளர் எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன். அதற்கு முன் அந்தப் பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
நாகர்கோவில்