வட்டத்துல பாதிக்கு மேல கடல்தான் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, நம்ம பக்கம் ஒருத்தன் கடை போட்டு நாலு காசு பாத்தா உடனே பக்கத்துலயே இன்னொருத்தன் அதே கடையப் போடுறான், எல்லாம் வயித்தெரிச்சல்னு. நான் ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல மீன்பிடி படகுகளுக்கு ஐஸ் பார், அதான் பெரிய ஐஸ் கட்டி, விக்கிறவன், எனக்கும் ரெண்டு பக்கமும் ஐஸ் கடைதான், ஆனா அது வயித்தெரிச்சல் இல்ல சார், கணக்கு. ஹெரால்ட் ஹோட்டலிங்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1929லயே போட்டுக் காட்டிட்டாரு. நம்ம பாஷையில சொன்னா, ஒரு கிலோமீட்டர் ரோடு, ரோடு பூரா வீடு, ஒரே விலையில ரெண்டு டீக்கடை. ரெண்டு முனையில இருந்தும் கால்வாசி உள்ள தள்ளி ஆளுக்கொண்ணா இருந்தா ஜனங்க சராசரி 125 மீட்டர் நடந்தா போதும். ஆனா ஒருத்தன் லேசா நடுப்பக்கம் நகந்தா அடுத்தவன் கிராக்கி கொஞ்சம் இவனுக்கு வரும், அவன் மட்டும் சும்மா இருப்பானா, நகந்து நகந்து கடைசியில ரெண்டு பேரும் நடுவுல ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. யாவாரம் அதே பாதி பாதிதான், ஜனத்துக்குத்தான் நடை 250 மீட்டர் ஆயிரும். விலைய ஏத்தி இறக்குனாலும் இப்படித்தான்னு ஹோட்டலிங் நெனச்சாரு, அது சரிப்படாது, ஒட்டி நின்னா விலையக் கொறச்சுச் சண்டைதான் வரும்னு 1979ல மூணு பேர் காட்டுனாங்க. எங்ககிட்ட பாருக்கு எல்லாரும் ஒரே ரேட்டு, அதான் ஒட்டிக்கிட்டுக் கெடக்கோம்.

என் வயித்தெரிச்சல் வேற. ரெண்டாவதா ஒரு டிப்போ போடலாம்னு லோனுக்குப் போனேன், ரிப்போர்ட் கேட்டாங்க, காசு குடுத்து ஒருத்தர்கிட்ட வாங்குனேன். என் கடைய நடுவுல வச்சு மேப்புல 5 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு இதுக்குள்ள இருக்கவங்க பூரா உங்க கஸ்டமர்னு எழுதியிருந்தாரு. மண்டபத்துல சார்! வடக்கயும் கடல், தெக்கயும் கடல், வட்டத்துல பாதிக்கு மேல தண்ணிதான், மீனா வந்து ஐஸ் வாங்கப் போகுது.

எங்க அக்கா மகன் எம்பிஏ படிக்கிறான், அவன்தான் சொன்னான், மாமா வட்டமெல்லாம் வேணாம், 1963ல டேவிட் ஹஃப்னு ஒருத்தர் சொன்ன மாதிரி போடலாம்னு. ஒவ்வொரு கடையோட சரக்கையும் தூரத்தோட வர்க்கத்தால வகுத்து, வந்ததுல நம்ம பங்கு எவ்வளவுன்னு பாக்கணுமாம். என்கிட்ட 40 பார், ஒரு வள்ளக்காரருக்கு, அதான் நாட்டுப்படகுக்காரருக்கு, 2 கிலோமீட்டர், இன்னொரு கடையில 100 பார், 4 கிலோமீட்டர்னு வைங்க. எனக்கு 10, அந்தக் கடைக்கு ஆறேகால், அப்ப வள்ளக்காரர் நூறு தடவையில 62 தடவை என்கிட்ட வருவாரு. எனக்கு ஒரே சந்தோசம். பய உடனே வர்க்கத்தை எடுத்துட்டு வெறும் தூரத்தால வகுத்தான், 44க்கு எறங்கிருச்சு. வர்க்கமா வெறும் தூரமாங்கிற அந்த ஒரு நம்பர்லதான் விசயமே இருக்கு, அது சரக்குக்கு சரக்கு மாறும், நம்ம ஆளுக வாங்குறதப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். பிரிட்ஜ் வாங்க மதுரைக்கே போவாங்க, ஐஸுக்கு அரை மைல் கூட யோசிப்பாங்க, சாக்கு போத்தியிருந்தாலும் உருகும்ல.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, அதுக்குத்தான் இந்த லெட்டரே. கிராக்கி ஒரே எடத்துல இருக்காங்கன்னு வச்சுத்தான் எல்லாரும் கணக்கு போடுறாங்க, இங்க காத்து மாறுனா கிராக்கியும் மாறிரும். வாடை, அதான் வடக்கத்திக் காத்து, தூக்கிருச்சுன்னா வடகடல்ல படக நிறுத்த முடியாது, எல்லாம் தென்கடல் பக்கம் போயிரும், சோழகம்ங்கிற தெக்கத்திக் காத்து அடிக்கிறப்ப மறுபடி வடக்க வரும். என் கடை வடக்கு படகுத்துறை பக்கம். போன வாடையில ஒருநாள் விடியக்காலம் பத்து பார் எறக்கி வச்சுட்டு உக்காந்திருக்கேன், ஒரு ஆள் வரல, ஒம்பது மணிக்கெல்லாம் சாக்குக்கு அடியில இருந்து தண்ணி ஓடி வாசல்ல குளம் கட்டிருச்சு, பக்கத்து வீட்டுக் கோழி வந்து குடிச்சுட்டுப் போவுது. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம் வேற, விசைப்படகு கெடையாது, வெறும் வள்ளம்தான். ரிப்போர்ட்டுல 12 மாசத்துக்கும் ஒரே விற்பனை.

லோன் குடுக்குறவங்களும் ரிப்போர்ட் போடுறவங்களும் கடற்கரை ஊருக்குன்னா எந்த மாசம், எந்தக் கடல்னு கேட்டு எழுதணும், அதுக்கு ஒரு பாரத்துல ரெண்டு கட்டம் கூடப் போட்டாப் போதும். நான் இப்ப டிப்போ ஆசைய விட்டுட்டு ஒரு பழைய குட்டியானைய வெலை பேசிக்கிட்டிருக்கேன், தெர்மாகோல் அடிச்ச பெட்டியோட, காத்து எந்தப் பக்கமோ வண்டி அந்தப் பக்கம். அதுக்கு லோன் கேட்டா கடை எங்க இருக்குன்னு கேக்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு ஐஸ் யாவாரி,
மண்டபம்