நான்-டீடெயில் நாவலைத் தொடர்கதையாகப் படி

சாத்தம், கென்ட்
ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? இங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தேம்ஸ் ஓரத்துச் சதுப்பிலிருந்து மூடுபனி ஏறினால் எதிர்வீடுகூடத் தெரியாது.

பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர்காரனிடம் போட்டாயே உன் நான்-டீடெயில், சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவல், அது இந்தச் சதுப்பில்தான் தொடங்குகிறது. பக்கத்தில் கூலிங் கிராமத்துத் தேவாலயத்தில் 13 குழந்தைக் கல்லறைகள் கிடக்கின்றன. கதையில் டிக்கன்ஸ் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். பதின்மூன்று என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ! தப்பிவந்த கைதியிடம், உனக்கு 'ஏக்யூ' பிடித்திருக்கிறது என்பான் கதைநாயகனான சிறுவன் பிப். விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல், நம் மலேரியாதான்.

மறுபடி படி. ஆனால் அந்தச் சுருக்கப் பதிப்பைத் தொடாதே. அதில் சம்பவம் இருக்கும், சிரிப்பு இருக்காது. கைதிக்காகப் பிப் வீட்டுப் பிராந்தியைத் திருடிவிட்டு, அளவு குறையாதிருக்க ஜாடியிலிருந்து தண்ணீரை ஊற்றிவைக்கிறான். அது தண்ணீர் இல்லை, கசப்பான தார்க் கஷாயம். கிறிஸ்துமஸ் விருந்தில் பெரிய மனிதர் பம்பிள்சூக் அதைக் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறார். கைடில் இது 'பிப் உணவு திருடினான்' என்று ஒரே வரி.

முழுசுக்கு 59 அத்தியாயம். புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்நூல் தளத்தில் எண் 1400, இலவசம். ஒரே மூச்சில் படிக்கப் பார்க்காதே. இது தொடர்கதை. டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த இன்னொருவர் தொடரால் விற்பனை சரிய, தானே களத்தில் இறங்கினார். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை 36 வாரம். இதழ் இரண்டு பென்ஸ். ஆக, ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம், அவ்வளவுதான். நாலாவது முடியும் இடத்தில் வாசலில் சிப்பாய், கையில் விலங்கு. அங்கே மூடிவைத்தால்தான் ருசி. குமுதம் தொடருக்கு வியாழக்கிழமை காத்திருந்த வீடு நம்முடையது, உனக்குச் சொல்லணுமா?

கைதியும், பிப்பின் அக்கா புருஷன் ஜோவும் பேசும் இடங்களை வாய்விட்டுப் படி. எழுத்து விசித்திரமாக இருக்கும், காதுக்குப் புரிந்துவிடும். சாப்பாட்டைக் கைதி 'விட்டில்ஸ்' என்பான். 'வி' வரவேண்டிய இடத்தில் 'டபிள்யூ'. தமிழுக்கு இரண்டும் 'வ'தான், நமக்கென்ன! பிப்பைக் 'கையால் வளர்த்தாள்' என்று அவன் அக்காவைப் பற்றி ஊர் சொல்லும். தாய்ப்பாலில்லாமல் புட்டி, கரண்டியால் ஊட்டி வளர்த்தாள் என்று அர்த்தம். அவள் கை அடிக்கிற கையானதால் பிப் அதை வேறுமாதிரி புரிந்துகொள்வான். (எந்த அக்காவையும் நினைத்துக்கொள்ளாதே.)

20-ஆம் அத்தியாயத்துக்குமேல் லண்டனில் கதை நொண்டும். பெரும்பாலோர் விடுவது அங்கேதான். 22-ஐ விடாதே, பணக்காரக் கிழவி மிஸ் ஹாவிஷாமின் கல்யாணம் நின்ற கதை அதில்தான். முடியவில்லையென்றால் 31-ஐத் தாண்டு. நாடகக் கூத்து மட்டும்தான், கதை நகராது. 39-இல் மழைராத்திரியில் படியேறி ஒருவன் வருவான். ஆயுள்தண்டனையாக நாடுகடத்தப்பட்டவன் திரும்பிவந்தால் தூக்கு என்ற சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு படி, அப்புறம் உன்னால் கீழே வைக்கமுடியாது.

முடிவு இரண்டு உண்டு. நாவலாசிரிய நண்பர் லிட்டன் சொன்னதால் டிக்கன்ஸ் மாற்றியெழுதினார். பழையது 1874-இல்தான் அச்சேறியது. எனக்குப் பழையதுதான் சரி. சில பதிப்பில் பின்னிணைப்பாக இருக்கும், முன்னாலேயே புரட்டிப் பார்த்துவிடாதே. 39 வந்ததும் எழுது.

அன்புடன்,
அக்கா