அண்ணனுக்கு, பந்து விளையாடி உடைந்த கால் பற்றி

அண்ணே,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். வாட்சாப்பில் நாலு பத்தி எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்றாலும், அத்தை மகள் படித்துவிட்டு முதல் வேலையாக உனக்கு அனுப்புவாள். அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அத்தைக்கு வாசித்துக் காட்டுவதென்றால் கடைசி வரை வாசி. பாதியில் நிறுத்தாதே.

அப்பாவின் வருஷத் திதியன்று ஐயர் கீழே உட்காரச் சொன்னதும் நீ தயங்கி நின்றாய். யாரோ பின்னாலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளினார்கள். "சின்ன வயசுல பந்து பந்துன்னு ஓடினான். இப்ப பாரு, அப்பனுக்கு உட்கார்ந்து எள்ளுத்தண்ணி விடக்கூட முடியல" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் உன் காலடியில் சம்மணம் போட்டு, நன்றாக, வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

அத்தை மேல் தப்பில்லை. நாம் சொன்னதைத்தானே அவர் திருப்பிச் சொல்கிறார்.

நாம் குளித்த அந்த அருவிக் குழி எந்த அடுக்கில் என்று உனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. படித்துவிட்டு யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டாம். மலேசியாவில், ரவாங் பக்கத்துக் காஞ்சிங்கில் ஏழு அடுக்கு அருவி. கீழ் அடுக்குகளில் படிக்கட்டும், பையைப் பிடுங்கக் காத்திருக்கும் குரங்குகளும். அதோடு நிறுத்திக்கொண்டாலே போதும். நமக்குத்தான் போதவில்லை. வந்த வழியே இறங்குவது உனக்குப் பிடிக்காது. "போன பாதையிலயே திரும்பினா அதுக்குப் பேரு மாடிப்படி ஏறுறது" என்பாய். அருவியை ஒட்டி ஏறி, குளித்து, சாப்பிட்டு, காட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வேறு பக்கமாக இறங்க வேண்டும். வழியில் ஒரு மரத்தை நின்று தட்டுவாய். "கியாம் காஞ்சிங். இந்த ஜாதி உலகத்துலயே இந்தக் காட்டுல மட்டும்தான்டா இருக்கு." அந்த ஜாதி இங்கே மட்டும்தான் என்பது உண்மை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நீ தட்டியது அந்த மரத்தைத்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

2008 அக்டோபர். தீபாவளிக்கு இரண்டு வாரம். எனக்கு எஸ்.பி.எம்., ஐந்தாம் படிவப் பரிட்சை, வர ஒரு மாதம்.

நான் தண்ணீரில். நீ பாறை மேல், அடிடாஸ் கம்போங் என்கிற மலிவு ரப்பர் சப்பாத்தைக் கழற்றாமல், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு. முட்டையை எனக்கென்று இலை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்றுகொண்டிருந்தாய். மரங்களுக்கு நடுவே தெரிந்த துண்டு வானம் நீலமாகத்தான் இருந்தது. வரும்போது மோட்டார் சைக்கிளிலேயே நீ சொன்னாய், மூன்று மணிக்கு முன்னால் மழை வராது என்று. இதைச் சும்மா எழுதவில்லை. நீதான் சொன்னாய். அப்போது மணி ஒன்றேகால்கூட ஆகியிருக்காது.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. கழுத்து வரை நின்றாலும் என் கால் விரல்கள் தெரிந்தன. விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் குதிகாலைக் கடித்தன. அப்புறம் ஓர் இலை வந்தது. அருவிக் குழியில் இலை வருவது அதிசயமா? அதன் பின்னால் இன்னும் நாலைந்து. அவை இப்போது உதிர்ந்த இலைகள் இல்லை. காட்டுத் தரையில் கிடந்து மக்கிய கறுத்த இலைகள். இந்த வித்தியாசம் இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு உனக்கு மட்டும் தெரிந்தது.

நீ சாப்பிடுவதை நிறுத்தினாய். "எழுந்து வா."

"பத்து நிமிஷம்ணே."

"தண்ணி நிறம் மாறுது. வாடா."

குனிந்து பார்த்தேன். என் கால் விரல்கள் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தெரியவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்தும் சிரித்தேன். கீழே இருந்த பாறையில் ஒரு மலாய்க் குடும்பம், நம் வயசுப் பெண்கள் இரண்டு பேர். அவர்கள் காதில் விழட்டும் என்று, "பயந்தாங்கொள்ளி, இலையைப் பார்த்தே பயப்படுறான்" என்று கத்தினேன். தமிழில் கத்தினால் அவர்களுக்கு என்ன புரியப்போகிறது? பதினேழு வயசு. அவ்வளவுதான் புத்தி.

நீ என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்து, "நாயிக்! நாயிக்! கெபாலா ஆயிர்!" என்று, மேலே ஏறச் சொல்லிக் கத்தினாய். அவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாயை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறினார்கள். முன்பின் தெரியாதவர்கள் உன் பேச்சைக் கேட்டார்கள். கூடப் பிறந்தவன் குழிக்குள் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

கெபாலா ஆயிர் என்றால் தண்ணீரின் தலை என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். மேலே எங்கோ மழை கொட்டும். கீழே குளிக்கிறவன் முதுகில் வெயில் காயும். விழுந்த மரமும் சருகும் அடைத்து வைத்திருக்கும் தண்ணீர் ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு இறங்கும். முதலில் தலை வரும், உடம்பு பின்னால் வரும் என்பாய். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். பரிட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

முதலில் காற்று வந்தது. குளிர்சாதனக் கடைக் கதவைத் திறந்த மாதிரி, முகத்தில். அதில் மண் வாசனை. அப்புறம் சத்தம், கல் லோரி ஒன்று மேட்டில் கியர் மாற்றுவது போல. அதற்குள் நீ தண்ணீரில் இருந்தாய். எப்போது குதித்தாய் என்று நான் பார்க்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து என்னைக் கரைப் பக்கம் எறிந்தாய். எறிந்தாய் என்றுதான் சொல்ல வேண்டும். நான் பிடித்தது ரோத்தான், முள் நிறைந்த பிரம்புக் கொடி. அந்த முள் கிழித்த கோடு என் இடது உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. பூனை பிராண்டியது என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தபோது உன் வலது கால் இரண்டு பாறைக்கு நடுவில். உடம்பு மட்டும் தண்ணீரோடு திரும்பியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு இரைச்சலில் கேட்டிருக்க முடியாது.

நீ எப்படி மேலே வந்தாய் என்பதை எழுத மாட்டேன். நான் இழுத்தேன் என்று நீ சொல்வாய், அது முழு உண்மை இல்லை. அந்த மலாய்க்காரர் திரும்பி இறங்கி வந்தார். அவர் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை. நாசி லெமாக், முட்டை, உன் பை, அவர்கள் பாய் எல்லாம் போனது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கி, பால் விட்ட தே தாரேக் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது தண்ணீர்.

அருவி ஓரப் பாதை முழுகிவிட்டது. காட்டைச் சுற்றித்தான் இறங்கியாக வேண்டும். ஒரு மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம். உன் கை என் தோளில். உன் அடிடாஸ் கம்போங்கிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் பிதுங்கியது. அட்டை ஏறுவதைப் பார்த்தும் தட்டிவிட நிற்கவில்லை. வலியில் ஒரு தடவைகூட நீ கத்தவில்லை. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாய், அதுவும் பொய்யைப் பற்றி. "டியூஷனுக்குப் போகலன்னு தெரிஞ்சா அப்பா உன்னைக் கொன்னுடுவாரு. நான் பந்து விளையாடும்போது விழுந்துட்டேன். நீ டியூஷன்ல இருந்தே. என்ன?" நான் தலையாட்டினேன். "வாயால சொல்லு." சொன்னேன்.

லைசென்ஸ் இல்லாத நான் செந்தூல் வரை மோட்டார் ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வரும் என்று சின்சேயிடம், அந்தச் சீன நாட்டு வைத்தியரிடம் போனோம். அவர் தைலம் போட்டு முறுக்கிக் கட்டினார். முதலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்காத மாதம் இல்லை. சின்சே யோசனையும் உன்னுடையதுதான். இதையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகத்தான்.

ராத்திரி அப்பா உன்னைத் திட்டியது நினைவிருக்கிறதா? எனக்குத் தட்டிலிருந்த தோசையே நினைவிருக்கிறது, ஓரம் கருகிய தோசை. உள்ளே அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு வயசாகியும் பொறுப்பு வரவில்லை என்று அப்பா கத்திவிட்டு, என் பக்கம் கையை நீட்டினார். "பரிட்சைக்குப் படிக்கிற பையன் வீட்ல இருக்கான். அவனைப் பார்த்துக் கத்துக்க." நான் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு வாயில் போட்டேன். மென்று விழுங்கியும் விட்டேன்.

டிசம்பரில் வந்த அந்தக் கடிதம் பற்றி இங்கே எழுத முடியாது. உடல் தகுதிச் சோதனைக்கு நீ போகவில்லை, அவ்வளவு போதும். சீருடையில் உன்னைப் பார்க்க அப்பா ஆசைப்பட்டது நம் தாமானுக்கே, குடியிருப்பு முழுக்கவே தெரியும். அதன் பிறகு அவர் உன்னிடம் எப்படிப் பேசினார் என்பதும் தெரியும். அண்ணியைப் பற்றியும் ஒரு வரி எழுத மாட்டேன்.

ஆனால் அண்ணே, ஒன்று கேட்கிறேன். பதினேழு வருஷத்தில் ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? குடித்துவிட்டாவது? என் கல்யாணத்தில் மேடை ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஒரு படியாக ஏறி, என் தோளைத் தட்டி, "நல்லா இரு" என்றாய். அந்த நல்லா இரு-வை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? கடன் கொடுத்தவன் வாசலில் வந்து கத்தினால் தவணை கேட்கலாம். நீ சிரித்துக்கொண்டே ஜொகூரில் போய் உட்கார்ந்துகொண்டாய். அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு தடவை உன்னிடம் கேட்டேன். இரண்டு தடவையும் நீதான் வேண்டாம் என்றாய். இப்போது எங்கே போய்ச் சொல்ல? உன் நல்ல மனசுக்காகத்தான் நான் இத்தனை வருஷம் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டியிருந்தது. படிக்க அசிங்கமாக இருக்கும், தெரியும். அழிக்கப் போவதில்லை.

சனிக்கிழமை காலையில் காஞ்சிங் போயிருந்தேன். தனியாக. இப்போது காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி, மாலிம் குனோங் என்கிற மலை வழிகாட்டி என்றெல்லாம் விதிமுறை வந்துவிட்டது. நான் கீழ் அடுக்கோடு நின்றுகொண்டேன். ஒரு குரங்கு என் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒருத்தர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பேரப்பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்லை. மேலிருந்து வரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலை வந்தது. பச்சை இலை. அப்படியும் பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்பாய்.

முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். டியூஷன், அருவி, கால், சின்சே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கை நிற்கவில்லை. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். நான் அழுதேன், அவர் அழவில்லை. முறத்தை ஒரு தட்டுத் தட்டிச் சமப்படுத்திவிட்டு, "அந்த மாசம் டியூஷன் காசு நாப்பது வெள்ளி என்கிட்ட வாங்கிட்டுப் போனியே. வாத்தியாருக்குக் கொடுத்தியா, இல்லையா?" என்றார்.

கொடுக்கவில்லை என்றேன்.

"அப்ப அதை என்ன பண்ணே?"

இந்த வாரம் உனக்குப் போன் வரும். அம்மா போனையாவது எடு. காசைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லாதே. பெட்ரோலுக்கும், உன் அடிடாஸ் கம்போங்குக்கும், இரண்டு நாசி லெமாக்குக்கும் போனது என்று சொல். முட்டை வைத்த நாசி லெமாக்.