இளைத்தது உடலன்று, முகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தேக்கா சந்தையில் என்னைக் கண்ட பழைய தோழி ஒருவர், "என்னக்கா, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்று கேட்டார், வீட்டிலுள்ள எடை இயந்திரமோ பத்தாண்டுகளாக ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது.

முகத்துக் கொழுப்பு ஒரே படலமாகப் பரவியிராமல் தனித்தனி அறைகளாகப் பிரிந்துள்ளது என்பதை, ரோரிச், பெஸ்ஸா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சடலங்களின் முகத்தில் சாயம் செலுத்தி 2007ஆம் ஆண்டில் விளக்கினர். வயதாக ஆகக் கன்னத்தின் ஆழத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள கொழுப்பு வற்ற, தாடையோரத்திலும் மோவாய்க்குக் கீழும் உள்ளது தொங்கியோ திரண்டோ தெரிகிறது. அடியிலுள்ள எலும்பும் சற்றுத் தேய்வதால் கண்ணுக்கடியில் பள்ளம் விழுகிறது.

அப்படியிருக்க, களிம்பு பூசினாலே கன்னம் நிரம்பிவிடும் என்னும் விளம்பரங்களை நம்பி நம் பெண்கள் (ஆண்களுந்தான்) பணத்தைக் கொட்டுவது வருத்தமளிக்கிறது. தோலில் பூசுவது அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதில்லை. கன்னத்தை நிரப்பும் ஊசியை விரும்புவோரும் பதிவுபெற்ற மருத்துவரையே நாட வேண்டும். அம்மருந்து தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் பார்வையே பறிபோகக்கூடும்.

இது குறித்து மருத்துவர் ஒருவரின் கட்டுரையைத் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி